வரப்போகிறவளுக்கு நாய் ஆகாது

வளவனுக்கு வயது முப்பத்தெட்டு. தரகர் சின்னண்ணன் எழுதி வைத்திருக்கும் ஜாதகத்தின்படி முப்பத்திரண்டு. போன வருஷம் அந்தப் புது ஜாதகத்தைக் கொண்டுவந்து நீட்டி, "மாப்ளைக்கு இனிமே கெரகமெல்லாம் நல்லா இருக்குதுங்க" என்றார். மீசையில் இருந்த நரைக்கு அவரிடம் வழி இல்லை. அதற்கு வளவனின் அம்மா பொன்னாத்தாள் சாயப் பொட்டலம் வாங்கி வைத்தாள்.

ஜலகண்டாபுரத்துக்குத் தெற்கே, மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் தனியாக நிற்கிறது அவர்கள் வீடு. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவும் மகனும் மட்டும்தான். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. கிழங்கு விற்றும் கிடாய் விற்றும் அந்த வீட்டைக் கட்டியது என்னவோ வளவன்தான். ஆனால் அதில் அவனுக்கென்று ஒரு மூலைகூட இல்லை. எல்லாம் வரப்போகிறவளுக்கு.

வரப்போகிறவள் யார், எந்த ஊர், கறுப்பா சிவப்பா, ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கு என்னென்ன ஆகாது என்பது மட்டும் சின்னண்ணனுக்கு அத்துபடி. வெயில் ஆகாது என்றார், மேற்குப் பக்கத்து அறைக்கு ஏசி வந்தது. குத்தவைத்து உட்கார ஆகாது என்றார், நாற்காலிக் கக்கூஸ் வந்தது. இன்றுவரை அதில் உட்கார்ந்தது பல்லி மட்டும்தான். புகை ஆகாது என்றதும் அடுப்புக்கு மேலே சிம்னி வந்தது. அந்தச் சிம்னி கறுத்துப்போய்விடுமே என்று பொன்னாத்தாள் வீட்டுக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி, கண்ணெரிய விறகில் சமைக்கிறாள். சாணி நாற்றம் ஆகாது என்ற அன்றைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த எருமை சந்தைக்குப் போனது. இப்போது பாக்கெட் பால். ஆடுகள் மட்டும் மிஞ்சின, ஆட்டுக்கு எதிராகச் சின்னண்ணனுக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை. ஏசி அறைக்குப் பூட்டு. கட்டில்மேல் மெத்தை, கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கோடு அப்படியே கிடக்கிறது. வளவன் படுப்பது நடையில், கயிற்றுக் கட்டிலில்.

இந்த லட்சணத்தில்தான் அவன் தனக்கு ஒரு நாய் வேண்டும் என்று கேட்டான்.

சும்மா ஆசைக்குக் கேட்கவில்லை. பழைய நாய் செவலை செத்ததிலிருந்து ஆட்டுப் பட்டிக்குக் காவல் இல்லை. செத்த வாரமே வேறு நாய்க்குப் பேச்சு எடுத்தான். "கல்யாணம் ஆவட்டும் சாமி" என்றாள் அம்மா. கல்யாணமும் ஆகவில்லை, நாயும் வரவில்லை. போன மாதம் ரோட்டு நாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் குதறிப் போட்டன. மேச்சேரி இனக் குட்டிகள், நல்ல செம்மண் நிறம். விடிந்து பார்த்தபோது ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "உடு சாமி, உன்ற கல்யாணத்துக்கு இருந்த தடை இதோட போச்சுன்னு நெனச்சுக்க" என்றாள் பொன்னாத்தாள். அவனுக்கு வந்த ஆத்திரத்தில் பெற்றவளை என்ன சொல்வது என்று தெரியவில்லை. குட்டியின் மூச்சு நின்றதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி தோண்டப் போனான்.

ஆடு வாங்கிய பழக்கத்தில் மேச்சேரிக் காளியப்பன் அவனுக்குச் சிநேகம். காளியப்பனின் பட்டியில் நாய் குட்டி போட்டிருந்தது. வளவன் போய்ப் பார்த்தான். அதில் ஒரு ஆண் குட்டி, நல்ல கடுவன், அவன் செருப்பைக் கவ்விக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. எத்தனையோ பெண் வீடுகளுக்குப் போய் மிக்சர் தின்று வந்தவன் அவன். எந்த வீட்டிலும் யாருக்கும் அவனை இவ்வளவு சடுதியில் பிடித்ததில்லை.

"பால் மறந்துருச்சு. ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்து எடுத்துக்கிட்டுப் போயிரு. கேக்கற ஆளு நெறைய இருக்குது" என்றான் காளியப்பன்.

வியாழக்கிழமை சின்னண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பை, வாய் நிறையப் பேச்சு. ஊர்ப்பட்ட ஜோடிகளைச் சேர்த்து வைத்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். அந்த ஜோடிகளில் ஒன்றைக்கூட யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள் என்றார். பெண்ணும் கூட வருகிறாளாம். பெயர் தீபிகா, ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை.

பொன்னாத்தாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் சந்தோஷமாக இருக்கும் நேரம் பார்த்து வளவன் தன் பேச்சை எடுத்தான். போனில் குட்டியின் படத்தைக் காட்டி, "சனிக்கெழம மேச்சேரி போயி இதைக் கொண்டாரலாம்னு இருக்கறனுங்க மாமா" என்றான்.

சின்னண்ணன் போனை வாங்கி, விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நல்ல நெஞ்சு. காலு எப்பிடி ஊனி நிக்குது பாருங்க. எங்க கெடக்குது?"

"மேச்சேரியில, காளியப்பன் பட்டியில."

"அருமையான குட்டி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா இப்ப அதுக்கு நேரம் இல்லீங்க மாப்ள."

"நாய்க்கு என்னங்க நேரம்?"

"என்னங்க இப்பிடிக் கேட்டுப்போட்டீங்க? இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு நாய்னாலே ஆவாது. ரோமம் கொட்டும், தும்மல் வரும், அலர்ஜிம்பாங்க. வாசல்ல நாய் கொலைச்சதுக்கே காரைத் திருப்பிக்கிட்டுப் போனவங்களை நான் பாத்திருக்கறேன்."

"அந்தப் புள்ளை சொல்லுச்சுங்களா?"

"அதெல்லாம் கேக்கோணுங்களா? நமக்குத் தெரியாதுங்களா?"

அம்மா நடுவில் புகுந்தாள். "அவரு சொல்றதைக் கேளு சாமி. தாலி ஏறட்டும். அப்பறம் அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு, அது செரின்னா ஒண்ணுக்கு ரெண்டாக் கட்டிக்க."

வளவன் மனசுக்குள் என்ன பேசினான் என்பதை இங்கே எழுதினால் மரியாதையாக இருக்காது. சொந்தக் காட்டில், சொந்த ஆட்டுக்கு, ஒரு நாய் கட்ட முகம் தெரியாத ஒருத்தியின் சம்மதம் வேண்டும். அவள் மனசு இன்னதென்று சொல்ல இந்தப் பை தூக்கி வேண்டும். சின்னண்ணன்மேல் இருந்த இளக்காரத்தைவிட அவனுக்குத் தன்மேல் இருந்த இளக்காரம் பெரிது. ஏனென்றால் அன்றைக்குச் சாயங்காலமே காளியப்பனைக் கூப்பிட்டு, "இப்ப வேண்டாம்ப்பா, கொஞ்ச நாள் போவட்டும்" என்று சொன்னவன் அவனேதான்.

"உன்ற இஷ்டம். குட்டி உனக்காக நிக்காது, பாத்துக்க" என்று காளியப்பன் போனை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். தீபிகா, அவளுடைய அப்பா, ஒரு அத்தை. சாயம் பூசிய மீசையோடு வளவன் வாசலில் கும்பிட்டு நின்றான். சின்னண்ணன் தானே கட்டிய வீடு மாதிரி முன்னால் நடந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கக்கூஸில் தண்ணீரைத் திறந்துவிட்டு, எப்படிப் பீய்ச்சிக்கொண்டு போகிறது பாருங்கள் என்று பெண்ணின் அப்பாவை எட்டிப் பார்க்கச் சொன்னார். அந்த மனிதரும் எட்டிப் பார்த்தார், பாவம். ஏசி அறையை அன்றைக்குத் திறந்து குளிர வைத்திருந்தாள் பொன்னாத்தாள்.

தீபிகா பிளாஸ்டிக் சுற்றிய மெத்தையைப் பார்த்தாள். "இங்க யாரும் படுக்கறதில்லீங்களா?"

"உனக்குன்னுதான் சாமி எடுத்து வெச்சிருக்கறோம்" என்றாள் பொன்னாத்தாள், வாயெல்லாம் பல்லாக.

அந்தப் பெண் சடக்கென்று அறையை விட்டு வெளியே வந்துவிட்டாள். நேராகப் பட்டிப் பக்கம் நடந்தாள். ஆடுகளைப் பார்த்ததும்தான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. பின்னாலேயே வந்த வளவனிடம், "நாய் எங்கீங்க?" என்றாள்.

"நாய் இல்லீங்க."

"நாங்க வர்றோம்னு எங்கியோ கட்டிப் போட்டிருக்கறீங்கன்னு நெனச்சேன். இத்தனை ஆட்டை வெச்சுக்கிட்டு நாய் இல்லாம எப்பிடிங்க? எங்கூட்டுல ரெண்டு இருக்குது. அதுங்களுக்கு வெச்சாத்தான் எனக்குச் சோறே எறங்கும்."

வளவன் திரும்பி சின்னண்ணனைப் பார்த்தான். அவர் தென்னை மரத்து உச்சியில் ஏதோ முக்கியமானதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பாவும் வந்து சேர்ந்தார். "ஏனுங்க, தனி ஊடு. சுத்தி ஒரு சனம் இல்லை. நீங்க காட்டுல இருப்பீங்க. ஒரு நாய்கூட இல்லாத எடத்துல புள்ளையை எப்பிடிங்க உடறது?"

"நாய்தானுங்களே!" என்று ஓடி வந்தாள் பொன்னாத்தாள். "நாளைக்கே வந்துருமுங்க. புள்ளைக்கு ஆவாதுன்னுதான் வேண்டாம்னு இருந்தோம்."

"எனக்கு ஆவாதுன்னு யாருங்க சொன்னது?" என்றாள் தீபிகா. அவள் வளவனைப் பார்த்தாள். "அவங்க இருக்கட்டுங்க. உங்களுக்கு நாய் வேணுமுங்களா, வேண்டாமுங்களா?"

இவ்வளவு காலத்தில் அவனை அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். வேணுமுங்க என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லித் தொலைப்பதை விட்டுவிட்டு, என்ன சொல்வது என்று அவன் முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவன் பார்த்ததைத் தீபிகாவும் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றோமுங்க" என்று அவளுடைய அப்பா கும்பிட்டார். அப்படிச் சொன்னால் யோசிக்க ஒன்றும் பாக்கி இல்லை என்று அர்த்தம். வளவனுக்கு அது மனப்பாடம்.

கார் போனதும் சின்னண்ணன் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து, விருந்தாளிகள் மிச்சம் வைத்த மிக்சர் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டார். "ஒண்ணும் கெட்டுப்போவலீங்க. வெரசா ஒரு நாயைக் கட்டுங்க. நான் பேசி இன்னொருக்கா கூட்டியாரேன். கெடைக்கலீன்னா அன்னைக்கு ஒரு நாளைக்கு யார்கிட்டயாவது எரவல் வாங்கிக் கட்டிப்போடுங்க."

இரவல் நாய்! அதற்கும் பொன்னாத்தாள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். யார் வீட்டு நாயைக் கேட்கலாம் என்று அவள் மனசுக்குள் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது.

வளவன் வாசலுக்குப் போய்க் காளியப்பனைக் கூப்பிட்டான். "அந்தக் கடுவன் குட்டி இருக்குதா?"

"வெள்ளிக்கெழமயே போச்சே! உங்க தரகரு வந்து தூக்கிக்கிட்டுப் போனாரு. நீதான் குடுக்கச் சொன்னேன்னு சொன்னாரு. ஏன், உனக்குத் தெரியாதா?"

வளவன் போனைச் சட்டைப் பையில் போட்டான். உள்ளே வந்து சின்னண்ணன் மடியிலிருந்த தட்டை எடுத்துக் கீழே வைத்தான். "வண்டியில ஏறுங்க மாமா. உங்கூட்டுக்குப் போலாம்."

"இப்ப எதுக்குங்க மாப்ள, வெயில்ல?"

"ஏறுங்க."

அந்தக் குரலை அவர் அவனிடம் கேட்டதே இல்லை. ஏறிக்கொண்டார். சின்னண்ணன் ஊரான ஓமலூர் போகும்வரை பின்னாலிருந்து அவர் சொன்ன காரணங்கள் எதற்கும் அவன் காது கொடுக்கவில்லை. வியர்வையில் மீசைச் சாயம் கரைந்து உதட்டுக்கு வந்தது, துப்பிக்கொண்டே ஓட்டினான்.

சின்னண்ணன் வீட்டுப் படிக்கட்டுக் கம்பியில், பிளாஸ்டிக் கயிற்றில் குட்டி கட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பால் சோறு. வளவனைக் கண்டதும் வந்து செருப்பைக் கவ்வியது.

"எங்கூட்டுக்காரி ஆசைப்பட்டாளுங்க" என்றார் சின்னண்ணன்.

"உங்கூட்டுல யாருக்கும் தும்மல் வரலீங்களா?"

சின்னண்ணன் குனிந்து பால் சோற்றுக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். வளவன் கயிற்றை அவிழ்த்துக் குட்டியைத் தூக்கிக்கொண்டான். அந்த ஆள் அதற்குள் தேறிவிட்டார். "நல்லதாப் போச்சு. திருச்செங்கோட்டுக்காரங்க வர்றப்ப வாசல்லயே கட்டிப்போடுங்க மாப்ள" என்று பின்னாலிருந்து கத்தினார். வளவன் திரும்பிப் பார்க்கவில்லை. குட்டியைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

வீட்டுக்கு வந்தபோது பொன்னாத்தாள் கையில் போனோடு வாசலிலேயே நின்றாள். நாயைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"எதுக்குச் சாமி இதைக் கொண்டாந்தே? சின்னண்ணன் இப்பத்தான் கூப்புட்டாரு. திருச்செங்கோட்டுக்காரங்க வேண்டாம்னுட்டாங்களாமா. ராசிபுரத்துல வேற ஒரு எடம் இருக்குதாமா. அந்தப் புள்ளைக்கு நெசமாவே நாய் ஆவாதாமா. மூச்சு வாங்குமாமா. கொண்டுபோயி உட்டுட்டு வந்துரு சாமி."

வளவன் அவளைத் தாண்டி உள்ளே போனான். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து மேற்கு அறையைத் திறந்தான். மெத்தையின் பிளாஸ்டிக்கைக் கையால் கிழித்தான். முதல் கிழிசல்தான் கஷ்டமாக இருந்தது, அப்புறம் சரசரவென்று வந்தது. அதைச் சுருட்டித் தரையில் எறிந்ததும் குட்டி ஓடிப்போய் அதன்மேல் மூத்திரம் பெய்தது. அவன் ஏசியைப் போட்டுவிட்டு, புழுதிக் காலோடு மெத்தையில் நீட்டிப் படுத்தான். மெத்தை நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் நடையில் முதுகு வலிக்கப் படுத்துக் கிடந்ததை நினைத்தால் அவனுக்கு அவமானமாக இருந்தது.

"ஐயோ சாமி, அது வர்ற புள்ளைக்கு வெச்சிருக்கறது!" பொன்னாத்தாள் நிலைப்படியில் நின்று பதறினாள். அவளும் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கப் பயந்தாள். "அந்தப் புள்ளை வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அந்தப் புள்ளை வந்து சேர்றதுக்குள்ள இந்த நாய் கெழடாகிச் செத்தே போயிரும். எனக்கு முப்பத்தெட்டும்மா. முப்பத்திரண்டு இல்லை."

அவன் குட்டியைத் தூக்கித் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான்.

"கதவைச் சாத்திப்போட்டுப் போம்மா. குளுரு வெளிய போவுது."