மின்மினிக்கு அனுப்பிய படம்

சந்தேகப்படுவதில் கிரிசெல்டாவை மிஞ்ச அர்ஜென்டினாவின் சால்டா நகரத்திலேயே ஆள் கிடையாது. பால் வாங்கினால் மோந்து பார்ப்பாள். பாதிரியார் சிரித்தால் எதற்குச் சிரித்தார் என்று யோசிப்பாள். அதனால்தான் மகள் ஐலென் படிக்கும் பள்ளியின் பெற்றோர் சங்கம் அந்த வேலையை அவள் தலையில் கட்டியது. ‘பேராசிரியர் மின்மினி’ என்ற வீடியோ சேனலை வகுப்பில் போட்டுக் காட்டலாமா கூடாதா என்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் வாயிலிருந்து வருவதுதான் முடிவு.

“காசு வாங்காம ஒருத்தன் இப்படி வேர்க்க விறுவிறுக்கப் பாடம் நடத்துவானாடி? எங்கயோ இடிக்குது,” என்றாள் பக்கத்து வீட்டு சுல்மாவிடம், மாத்தே தேநீர்க் குடுவையை நீட்டிக்கொண்டே.

“உனக்கு எதுதான் இடிக்கல? உன் புருஷன் பூ வாங்கிட்டு வந்தப்பவே எவளுக்கு வாங்கினதுன்னு கேட்டவதானே நீ!”

“கேட்டா என்ன தப்பு? மனுஷன் எச்சில் முழுங்கினாரா இல்லையா?”

ஊரே மதியத் தூக்கம் போடும் நேரத்தில் அவள் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வீடியோ பார்த்தாள். கெட்ட வார்த்தை உண்டா, ஏதாவது வாங்கச் சொல்கிறானா, பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்ளும்படி எதையாவது செய்யச் சொல்கிறானா என்று துருவித் துருவிப் பார்த்தாள். ம்ஹூம், ஒன்றும் சிக்கவில்லை. பாவி மனிதன், நன்றாகவே சொல்லிக்கொடுத்தான். கடைசியில் மட்டும், “நீங்க செஞ்சதைப் படம் எடுத்து அனுப்புங்க, எல்லாருக்கும் காட்டுறேன்!” என்பான்.

ஐலென் முற்றத்தில் சோடாமாவும் வினிகரும் வைத்து எரிமலை பொங்கவைத்தாள். படம் எடுத்தது கிரிசெல்டாதான். பள்ளிக்குப் போடும் வெள்ளை மேலங்கியைத் தேய்த்து மாட்டிவிட்டு, “கையை எடுடி, நான் கஷ்டப்பட்டுப் போட்ட தையல் மறையுது,” என்று வேறு அதட்டினாள். படம் சேனலில் வந்தபோது தெருவில் ஒருவரைக்கூட விடாமல் கூப்பிட்டுக் காட்டினாள். அன்றோடு அவள் சந்தேகம் தீர்ந்தது. சரி என்றே சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை ஐலென் மதிய நேர வகுப்புக்குப் பள்ளிக்குப் போனபிறகு மேசைமேல் கிடந்த அவளுடைய டேப்லெட் சிணுங்கியது. முகப்படம் இல்லாத யாரோ எழுதியிருந்தார்கள். ‘ஐலென் குரூஸ், எரிமலை அருமை! உனக்கு ஒரு பரிசு வைத்திருக்கிறேன். இன்று பள்ளி விடும்போது வாசலில் நிற்பேன். அம்மாவிடம் சொல்லாதே.’

கிரிசெல்டா டேப்லெட்டைக் கையில் எடுத்தாள். இந்தக் கழுதைதான் யாரிடமோ உளறியிருக்கிறது என்று மகளைத் திட்டிக்கொண்டே பழைய செய்திகளையெல்லாம் தோண்டினாள். பிள்ளை யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அப்புறம்தான் அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். எரிமலை மேல் குனிந்திருந்த பிள்ளையின் முகம் பாதிதான் தெரிந்தது. ஆனால் மேலங்கிப் பாக்கெட்டில் பள்ளியின் முத்திரை. அதன் கீழே அவள் கையால் நீல நூலில் தைத்தது: ஐலென் குரூஸ், ஆறாம் வகுப்பு பி. அங்கே எல்லா அம்மாக்களும் தைப்பதுதான். ஒரே மாதிரி வெள்ளைக் குவியலில் தன் பிள்ளையின் அங்கி தொலைந்துவிடக் கூடாதே!

செருப்பு மாற்றக்கூட நிற்காமல் ஓடினாள்.

பள்ளியில் தொடங்கியிருந்த பெற்றோர் கூட்டத்தில், “சேனல் எப்படிம்மா இருக்கு?” என்று தலைமையாசிரியை கேட்டதுதான் தாமதம், டேப்லெட்டை அவர் முன்னால் வைத்தாள்.

“பாடத்துல ஒரு குறையும் இல்ல டீச்சர். அதையேதான் உக்காந்து பாத்துட்டிருந்திருக்கேன், முட்டாள்! பிள்ளையோட பேரையும் பள்ளிக்கூடத்தையும் நானே ஊருக்குப் படிச்சுக் காட்டியிருக்கேன்.”

“ஐயோ, என் பொண்ணு படமும் அனுப்பினேனே!” என்று எழுந்தாள் ஒருத்தி. பின்னாலேயே இன்னொருத்தியும் எழுந்தாள்.

போலீஸுக்குத் தகவல் போனது. ஐலெனைத் தலைமையாசிரியை தன் அறையில் உட்காரவைத்துக் கதவைப் பூட்டினார். அம்மாக்கள் ஆறாம் வகுப்பில் புகுந்து கத்தரியால் பிள்ளைகளின் பாக்கெட்டில் பெயர் தைத்திருந்த நூலைப் பிரித்தார்கள். “டேய், அசையாத, குத்திடும்!” என்று சுல்மா தன் மகனை அதட்டிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. கிரிசெல்டா கதவுக்கு உள்ளே, போலீஸ்காரரின் பக்கத்தில் நின்று வாசலைப் பார்த்தாள். ஐஸ்கிரீம்காரன் மேல் சந்தேகம் வந்தது. மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற தாடிக்காரன் மேலும் வந்தது. பிள்ளைகள் வெள்ளமாக வெளியே ஓடினார்கள். தாடிக்காரனிடம் ஒரு பொடியன் “அப்பா!” என்று தாவினான்.

அப்போதுதான் அவனைக் கண்டாள். இஸ்திரி போட்ட சட்டை, கண்ணாடி, கையில் ரிப்பன் கட்டிய பெட்டி. வருகிற பெண்பிள்ளை ஒவ்வொருத்தியின் முன்னாலும் சற்றுக் குனிந்து பாக்கெட்டைப் பார்த்தான். எழுத்தில்லாத பாக்கெட்டைக் கண்டதும் அடுத்தவளிடம் நகர்ந்தான்.

“பெட்டி வச்சிருக்கறவன் சார்! எந்தப் பிள்ளை முகத்தையும் அவன் பாக்கல, பேரைத்தான் தேடுறான்!”

போலீஸ்காரர் அவன் தோளில் கைவைத்ததும் பெட்டி கீழே விழுந்தது. அவன் திரும்பினான். பேராசிரியர் மின்மினி இல்லை, யாரோ ஒருவன். சாதுவான, மரியாதையான முகம். தெருவில் எதிரே வந்திருந்தால் கிரிசெல்டாவே அவனுக்கு மாலை வணக்கம் சொல்லியிருப்பாள்.