பதினொரு கோல்கீப்பர்கள்

1

இந்தக் கதை ஒரு பஸ் ஜன்னலில் கிடைத்தது. 2003ஆம் வருஷம், திண்டுக்கல்லிலிருந்து சித்தையன்கோட்டை போகிற பஸ். ஊர் முடிகிற இடத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். பெண்பிள்ளைகள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து ஒரு பிள்ளையின் காலடிக்கு வந்தது. முன்னால் ஆளே இல்லை, கோல் திறந்து கிடந்தது. அவள் ஓடவில்லை. மைதானத்தின் கோட்டோரம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு நொண்டினாள். அடிபட்டவள் முகத்தைச் சுளித்துவிட்டு நொண்டுவாள். இவள் நொண்டிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

பஸ் நகர்ந்துவிட்டது. நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தொடர்ந்து தோற்கும் அணிக்குப் பயிற்சி கொடுப்பது என்பது, நம்பிக்கை என்னும் சிறு விளக்கைக் காற்றில்—'

அடித்துவிட்டேன். தோற்கும் அணிக்குப் பயிற்சி கொடுப்பது என்பது கிழிந்த பந்தைத் தைப்பது, வாந்தி எடுத்த பிள்ளைக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றுவது, மறுநாள் தலைமையாசிரியை அறைக்கு வெளியே நிற்பது.

நிற்பவர் பி.டி. டீச்சர் பிரிஸ்கில்லா. போன வருஷம் இவருடைய அணி வட்டாரப் போட்டியில் ஜெயித்தது. இந்த வருஷம் ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். வெயிலைக் குறை சொன்னார். ஜெபம் செய்தார். தொண்டை கட்டும்வரை கத்தினார். கடைசியில் ஒருநாள், "சரி, யாருக்கு எந்த எடம் வேணும்? நீங்களே சொல்லுங்கடி" என்றார்.

"கோல்கீப்பர், டீச்சர்."

"நானுந்தான் டீச்சர்."

"ஏய், நான் ஒருத்தி நிக்கிறேன்ல?" என்றாள் ஏஞ்சலின். நிஜமான கோல்கீப்பர் அவள்தான்.

"நீ நின்னது போதும். செத்த நேரம் வெளிய வந்து ஓடிப் பாரு."

"பதினொரு பேரும் கோல்ல நின்னா பந்தை யாருடி ஒதைக்கிறது? நானா?"

"எதிர் டீம்காரிக ஒதைப்பாளுக டீச்சர். அவளுகளுக்குத்தான் நல்லா வருதே."

எல்லோரும் சிரித்தார்கள். தமிழ்மதி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கோட்டோரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

(பஸ்ஸிலிருந்து நான் பார்த்த பிள்ளைக்குத் தமிழ்மதி என்று பெயர் வைத்திருக்கிறேன்.)

3

கோட்டோரம் இருந்தவர் மொக்கைச்சாமி. டி.வி.எஸ். ஃபிஃப்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, பிள்ளைகளின் தகப்பன்மாரோடு உட்கார்ந்துகொள்வார். எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டுவார். "ஓடு தாயி! அப்படித்தேன், விடாத!"

மில்லுக்கு ஆள் சேர்க்கிறவர். பிள்ளை மில் விடுதியிலேயே மூன்று வருஷம் தங்கவேண்டும். முடித்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை. பண்டிகைக்கு நாலு நாள் தவிர, நடுவில் வெளியே விடமாட்டார்கள். ராத்திரி ஷிஃப்டில் மிஷினுக்கு மிஷின் ஓடி அறுந்த நூலை ஒட்டவேண்டும். நின்றால் சூப்பர்வைசர் வந்துவிடுவான். ஆகவே மூச்சுத் தாங்குகிற பிள்ளைதான் அவர்களுக்கு வேண்டும். அய்யலூர்ச் சந்தையில் ஆட்டை நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். இங்கே அந்தச் சிரமமும் இல்லை, பிள்ளைகள் தாங்களாகவே ஓடிக் காட்டுகிறார்கள்.

போன வருஷம் அணியை ஜெயிக்கவைத்தவள் ரோஸ்மேரி. ஜெயித்த வாரமே மில் வேனில் ஏறினாள். ஈஸ்டருக்கு ஊர் வந்தபோது பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிள்ளைகள் பார்த்தார்கள். யாரும் யாரோடும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து ஒருத்தியாலும் ஓடமுடியவில்லை.

* முதல் பிரதியில் மொக்கைச்சாமியைக் கெட்டவனாக எழுதி, ஒரு தங்கப்பல்லும் வைத்திருந்தேன். பிடுங்கிவிட்டேன். அவருடைய மகளும் அதே மில்லில்தான் இருக்கிறாள். "எம்மகளையே விட்ருக்கேன் அப்பு, ஒங்ககிட்ட பொய்யா சொல்லப்போறேன்?" என்று அவர் கேட்டால் அதில் பொய் இல்லை. என் பயமே அதுதான்.

4

டீச்சருக்கு இது எப்படித் தெரியவந்தது? ஒரு பிரதியில் ஏஞ்சலின் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அது சரிவரவில்லை, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அழுவார்கள், சொல்லமாட்டார்கள். அதனால் நான் வந்த பஸ்ஸையே திரும்பவும் வரவழைத்தேன். தோற்ற ஒரு சாயங்காலம், மொக்கைச்சாமி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனபிறகு, பஸ், ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நின்றது. ஆட்டத்தில் நொண்டிய தமிழ்மதி புத்தகப் பையோடு ஓடிப்போய் ஏறினாள். டீச்சர் பார்த்துவிட்டார்.

"நேத்து பஸ்ஸுக்கு ஓடுன காலு, ஆட்டத்துல எங்கடி போச்சு?"

"பஸ்ஸுக்கு அவரு வரல டீச்சர்."

"எவரு?"

தமிழ்மதி, மொக்கைச்சாமி வண்டி நிறுத்துகிற இடத்தைப் பார்த்தாள். பிறகு, "ஈஸ்டருக்கு வந்தப்ப ரோஸ்மேரியக்கா எங்கூடத்தான் படுத்துச்சு. தூங்கும்போது சத்தம் வருது டீச்சர். நெஞ்சுக்குள்ள யாரோ விசிலடிக்கிற மாதிரி" என்றாள்.

டீச்சர் கழுத்தில் தொங்கிய விசிலைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

5

அடுத்த ஆட்டத்துக்கு அரசு விளையாட்டு விடுதியிலிருந்து ஒருவர் வருகிறார். சோறு, படிப்பு, ஆட்டம் எல்லாம் அங்கே. எடுக்கப்போவது ஒரே ஒரு பிள்ளையை. (டீச்சரே சிபாரிசு செய்யலாமே என்பீர்கள். செய்தார். "ஆடிக் காட்டட்டும்மா, பாப்போம்" என்றார் அவர்.)

அவரும் கோட்டோரம்தான் நிற்பார், மொக்கைச்சாமிக்குப் பக்கத்தில். ஓடினால் இருவரும் பார்ப்பார்கள். ஓடாவிட்டால் இருவரும் பார்க்கமாட்டார்கள்.

தமிழ்மதியின் தகப்பன் பாண்டியராஜ் பூக்காட்டில் கூலிக்குப் போகிறவன். "எம்பிள்ளைக்கு மூச்சுப் பத்தாதுண்ணே" என்று மொக்கைச்சாமியிடம் அவனே சொல்லியிருக்கிறான், அதை நம்பவும் செய்கிறான். நம்புகிறவரைக்கும் அவள் பள்ளிக்கூடம் வரலாம். மூச்சு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், முதலில் யார் கேட்கிறார்களோ அவர்களிடம் தலையாட்டிவிடுவான். தலையாட்டியபின் மாற்றிப் பேசமாட்டான். அதை அவன் கௌரவம் என்று நினைக்கிறான்.

6

தமிழ்மதி எப்படி ஓடுவாள் என்று இதுவரை நான் ஒரு வரி எழுதவில்லை. பஸ்ஸுக்கு 'ஓடிப்போய் ஏறினாள்' என்றதோடு நிறுத்திக்கொண்டேன். இந்தக் கதையும் அவளோடு சேர்ந்து நொண்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

என் அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றவர். அம்மா பஞ்சு மில். எங்கள் தெருவில் ஒரு பிள்ளையின் உடம்பு திடமாக இருக்கிறது என்று நாலு பேர் பேசினால், வேலைக்குக் கூப்பிட ஆள் வரப்போகிறது என்று அர்த்தம். அவள் ஓட்டத்தை நன்றாக எழுதினால் நானும் கோட்டோரம் நின்று கைதட்டுகிறவன்தான்.

விடுதிக்காரர் வந்த ஆட்டம், பாதி நேரம். கோட்டோரம் பாண்டியராஜும் உட்கார்ந்திருக்கிறான். எதிரணி ஒரு கோல் முன்னால்.

"டீச்சர், ஓடவா?" என்றாள் தமிழ்மதி.

'ஓடு' என்று டீச்சர் சொன்னதாக ஒரு பிரதி இருக்கிறது. 'வேணாம்டி' என்று சொன்னதாக இன்னொன்று. இரண்டையும் படித்தேன், இரண்டிலும் டீச்சரின் குரல் நடுங்கவே இல்லை. கிழித்தேன். டீச்சர் வாயைத் திறந்தார், அதற்குள் ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார்.

7

ஏஞ்சலின் உதைத்த பந்து நடுக்கோட்டில் விழுந்தது. தமிழ்மதி எடுத்தாள். முதல் நாலு எட்டில் நொண்டல் இருந்தது, பழக்கதோஷம். பிறகு இல்லை. ஒருத்தியைத் தாண்டினாள், இரண்டாமவள் எட்டிப் பிடிப்பதற்குள் அங்கே இல்லை. புழுதி அவள் பின்னாலேயே எழும்பி, பிடிக்கமுடியாமல் தரையில் உட்கார்ந்தது. அவள் வாய் மூடியிருந்தது. மூக்கால்தான் மூச்சு விட்டாள். அவ்வளவு மிச்சம் இருந்தது அவளிடம்.

கோல்.

பிள்ளைகள் கத்திக்கொண்டு அவள்மேல் விழுந்தார்கள். டீச்சர் கோட்டுக்கு உள்ளே, கோட்டோரம் இருந்தவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். முதல்முறையாக மொக்கைச்சாமியின் கைதட்டல் கேட்கவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவே, பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் மட்டும் வந்தது:

"பிள்ளைய அனுப்பிவைக்கிறியாப்பா? நாங்க பாத்துக்கிறோம்."

யார் குரல் என்று பிடிபடவில்லை. பாண்டியராஜ் எழுந்து வேட்டி மண்ணைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

டீச்சர் திரும்பவில்லை. எனக்கும் திரும்பத் தைரியம் இல்லை. நீங்கள் முதலிலிருந்தே கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறீர்கள், கேட்டது யார் என்று உங்களுக்குத் தெரியும். அவன் தலையாட்டுவதற்குள் ஏதாவது சொல்லுங்கள்.