விபத்துக்குச் சிலுவை இல்லை

மாநிலத் தலைநகர் சாந்தா ஃபேக்குப் பேருந்து கிளம்ப இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. பங்குக் கோயில் கூடத்தில் பெண்கள் மரச் சிலுவைகளுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். மாவட்டத்தில் சுடப்பட்டு இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு சிலுவை. துப்பாக்கி வாங்குகிறவர் ஏழு நாள் காத்திருக்க வேண்டும் என்ற மசோதா சட்டமன்றக் குழுவின் முன் வருகிறது. சிலுவைகளோடு போய் நிற்கச் சொல்லியிருந்தார் ஆயர்.

“ஏய் ரெனாட்டா, வெள்ளை அடிக்கிறியா, பவுடர் பூசிவிடுறியா? நாளைக்குள்ள முடியணும்டி” என்றாள் மிரேயா.

எல்லோரும் சிரித்தார்கள். மிரேயா சொன்னால் சிரிப்பார்கள்.

போன வருடம் மிரேயாவின் அண்ணன் அமடேயோவைப் பெட்ரோல் பங்க்கில் ஒரு பையன் சுட்டுக் கொன்றான். அதன்பின் ஆயர் மிரேயாவின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்த படம் மறைமாவட்டப் பத்திரிகையில் வந்தது. பூசை முடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சட்டமன்றக் குழுவின் முன் பேசப்போவதும் அவள்தான்.

அதே மாதம் ரெனாட்டாவின் தம்பி லியாண்ட்ரோவும் துப்பாக்கியால் இறந்தான். துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று அம்மா சொன்னாள். பங்குச் சாமியார் காசிமிரோ பிரசங்கத்தில் அப்படியே சொன்னார். அக்கம்பக்கத்தார் பானை பானையாகப் போசோலே சூப் கொண்டுவந்தார்கள். அடுத்த வாரம் பானையை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை.

ரெனாட்டா தூரிகையைப் பார்த்தபடியே கேட்டாள். “லியாண்ட்ரோவுக்கும் ஒண்ணு வைக்கலாமா?”

மிரேயா அருகில் வந்து உட்கார்ந்தாள்.

“எனக்கும் ஆசைதான்டி. ஆனா விபத்துக்கு வேணாம்னு நம்ம கோயில் கூட்டத்துல முடிவு பண்ணியாச்சு. ஆளை ஆள் சுட்டதுக்கு மட்டும்தான். இல்லேன்னா மசோதாவை எதிர்க்குற அந்தத் துப்பாக்கிக்காரங்க, கணக்குக் காட்ட ஆள் சேர்க்குறாங்கன்னு சொல்லுவாங்க.” அவள் தோளில் கை போட்டாள். “நீ ஒண்ணு பண்ணு. அமடேயோ சிலுவையை நீ தூக்கிட்டு வா. பேசுறப்ப எனக்குக் கை நடுங்கும். உன்னைவிட்டா எனக்கு யாரு இருக்கா?”

“சரி” என்றாள் ரெனாட்டா.

செத்துப்போனதில்கூட மிரேயாவுக்கு நல்ல அண்ணனாக வாய்த்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பை அவள் விரட்டவில்லை.

சாமியார் உள்ளே வந்தார். “வயித்துல இருக்குற உயிரைக் கலைக்கக் கூடாதுன்னு வருஷா வருஷம் ஊர்வலம் போறோம்ல? பெட்ரோல் பங்க்ல நிக்கிற உயிருக்காகவும் போவோம்மா. எல்லாம் அதே ஆண்டவர் கொடுத்ததுதான்” என்றார். பிறகு மிரேயாவைப் பார்த்து, “பேச்சு தயாரா?” என்று கேட்டார். ரெனாட்டாவைப் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா எவுலாலியா மிளகாய் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஃபாதர்கிட்ட சொல்லிடலாம்.”

“எதை?”

“உனக்குத் தெரியும்.”

“வாயை மூடு. தானா உயிரை விட்டான்னு எங்க பாட்டியோட தம்பியைக் கல்லறை வேலிக்கு வெளியதான் புதைச்சாங்க. அந்த இடத்தை நான் பார்த்திருக்கேன். முள்ளு மண்டிக் கிடக்கும். என் புள்ளை உள்ள படுத்திருக்கான். படுத்திருக்கட்டும்.”

“இப்ப அப்படியெல்லாம் இல்லம்மா. எல்லாரையும் உள்ளதான் வைக்கிறாங்க. ஃபாதரே சொன்னாரு.”

“இவரு சொல்லுவாரு. அடுத்து வர்றவரு தோண்டச் சொன்னா?”



மறுநாள் குழு அறை நிறைந்திருந்தது. ரெனாட்டா அமடேயோவின் சிலுவையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் அம்மா. மிரேயா பேசியபோது அவள் கை நடுங்கவே இல்லை. குழுவின் தலைவிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து ஃபவுஸ்டீனோ எழுந்தார். ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர். ஞாயிறு பூசையில் காணிக்கைப் பை பிடிப்பவரும் அவர்தான்.

“நானும் இந்தப் புள்ளைங்க கோயில்தான். அமடேயோவுக்கு உறுதிபூசுதல்ல ஞானத்தகப்பன் நான். அவனுக்காக நானும் அழுதேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். அவனைச் சுட்டவன் துப்பாக்கியைத் திருடினான். திருடன் ஏழு நாள் பொறுத்திருந்து திருடுவானா?”

பின்வரிசையில் இருந்த துப்பாக்கிக்காரர்களிடம் சிரிப்பு எழுந்தது.

தலைவி மிரேயாவிடம் திரும்பினார். “மன்னிக்கணும்மா. இந்தச் சட்டம் இருந்திருந்தா உங்க அண்ணன் பிழைச்சிருப்பாரா?”

மிரேயா “இல்லைங்க” என்றாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

பின்வரிசை கைதட்டியது. ரெனாட்டாவின் நெஞ்சுக்குள் இதமான சூடு பரவியது. மிரேயா தோற்று ஒருநாளும் அவள் பார்த்ததில்லை. தலைகுனிந்து திரும்பி வந்த மிரேயா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “சொதப்பிட்டேன்டி” என்று முணுமுணுத்தாள். மூக்கு சிவந்திருந்தது. யாரும் அவள் கையைப் பிடிக்க வரவில்லை. சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூடு சீக்கிரமே ஆறிவிட்டது.

“இந்த ஏழு நாளால யாராவது பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல இங்க ஒருத்தர்கூட இல்லையா?” என்றார் தலைவி. “இல்லைன்னா வாக்கெடுப்புக்குப் போகலாம்.”

அம்மா ரெனாட்டாவின் சட்டைக் கையைப் பிடித்தாள். சத்தமில்லாமல் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

இந்த அறையில் மிரேயாவிடம் இல்லாதது ரெனாட்டாவிடம் இருந்தது. மசோதாவுக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். அவள் சிலுவையை மிரேயாவின் மடியில் வைத்தாள். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு எழுந்தாள். ஒலிவாங்கி அவள் உயரத்துக்கு மேலே இருந்தது. யாரோ தாழ்த்திவிட்டார்கள்.

“என் பேரு ரெனாட்டா. லியாண்ட்ரோ என் தம்பி” என்றாள்.

“கொஞ்சம் சத்தமா பேசும்மா.”

அவள் ஃபவுஸ்டீனோவைப் பார்த்தாள். அவர் தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

“மாமா, அவன் உங்க கடையிலதான் வாங்கினான். காலைல பதினோரு மணி. மத்தியானம் மூணு மணிக்குத் தன்னைத்தானே சுட்டுக்கிட்டான்.”