கனகேஸ்வரியின் சீதன வயல்

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது கனகேஸ்வரியின் போனுக்கு வங்கியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அவளுடைய கணக்குக்கு உர மானியம் வந்திருக்கிறதாம். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாலாம் மாடி பிளாட்டில் ஒரு துளசியைக்கூட உயிரோடு வைத்திருக்கத் தெரியாதவளுக்கு யார் உரம் கொடுப்பது?

நேரே வங்கிக்குப் போனாள். கவுண்டரில் இருந்த நளீபா கணக்கைப் பார்த்துவிட்டு, "பிழை ஒண்டும் இல்ல அன்ரி. இப்ப உர மூட்டைக்குப் பதிலா கவர்மென்ட் கணக்குக்கே சல்லியாப் போடுது. நீங்க வயல் செய்றீங்களா?" என்று கேட்டாள்.

பரந்தனில் அப்பா சீதனமாக எழுதிக்கொடுத்த வயல் இருந்ததுதான். ஆனால் சண்டைக்குப் பிறகு அது வெறும் பற்றைக்காடு, கண்ணிவெடி கிடக்கிறது என்று கணவர் சண்முகலிங்கம் சொல்லியிருந்தார். வந்த விலைக்கு வித்துவிடலாம் என்று அவள் ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

விவசாயிகளின் பதிவுகளைப் பார்க்கும் அந்தப் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குப் போன் எடுத்தாள்.

"ஓம் அம்மா, உங்கட வயல்தான். கொஞ்ச வருசமா ஐயா நல்லாச் செய்யிறார். காணி உங்கட பேரில எண்டபடியால் மானியமும் பதிவில இருக்கிற உங்கட கணக்குக்கு வருது."

"எந்த ஐயா?"

மறுமுனையில் இருந்தவர் தடுமாறினார். "உங்கட வீட்டுக்காரர் அம்மா. சண்முகலிங்கம் ஐயா."

ஹார்ட்வெயார் கடை வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு அவர் அடிக்கடி பரந்தனுக்குப் பக்கத்திலுள்ள கிளிநொச்சிக்குப் போவார். அங்கே சுகமில்லாத சிநேகிதர் ஒருவரைப் பார்க்கவாம். அவருக்கென்று அவள் ஹோர்லிக்ஸ்கூட வாங்கிக் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

பின்னேரம் அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் கேட்டாள். "பரந்தனில ஆர் வயல் செய்யிறது?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான்தான்."

"அப்ப கண்ணிவெடி?"

"அது எடுத்துக் கன காலம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா அடுத்த நாளே வித்துப்போடுவீர். வேலைக்குப் போன நாள் முழுக்க மற்றவன்ர கடையில ஆணியும் பூட்டும் எடுத்துக் குடுத்தனான், கனகம். ஒருக்காவெண்டாலும் நான் போட்டது முளைக்கிறதைப் பாக்க ஆசைப்பட்டன்."

"அந்தச் சிநேகிதர்?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை."

"ஹோர்லிக்ஸ்?"

"நான்தான் குடிச்சனான்."

திட்டுவதற்கென்று வாயைத் திறந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது. எழுந்து குசினிக்குள் போனாள். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள், "நானும் வந்து பாக்கவேணும்" என்றாள்.

வயல் கதிர் தள்ளி நின்றது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சண்முகலிங்கம் வாய்க்காலுக்குள் இறங்கினார். தண்ணீரை மறித்த பக்கத்து வயல்காரனோடு உரத்த குரலில் சண்டை பிடித்தார். பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சக் காசு தராவிட்டாலும் வாய் திறக்காத மனிதன். கனகேஸ்வரி வரப்பில் நின்று, யாரோ ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அந்த வயல்காரனே பிறகு அவளிடம் வந்தான். "காணிக்கார அம்மாவோ? இந்த முறை விளைச்சல் எப்பிடி வரும் எண்டு நினைக்கிறியள்?"

என்ன சொல்வதென்று தெரியாமல், "நல்லா வரும்" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், வவுனியா தாண்டியபோது சொன்னாள்.

"அறுப்பு முடியட்டும். பிறகு பாப்பம்."

"என்னத்தைப் பாக்கிறது?" என்று அவர் பயத்தோடு கேட்டார்.

வயலை விற்பதா, வைத்திருப்பதா, அவளுக்கும் தெரியவில்லை. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.