கப்பல் வரும் நாளில் கோபுரம் இருக்காது

எங்கள் ஊர் நீலக் கோபுரம் கப்பல் வரும் நாட்களில் ஊரில் இருப்பதில்லை. ஆற்று வளைவில் முதல் ஊதல் கேட்டதும் அடியோடு எழுந்து, ரொட்டிக்கடைச் சந்து வழியாக மலையேறி, மறுபுறத்து ஆப்ரிகாட் தோட்டத்தில் போய் நின்றுகொள்ளும். கடைசிக் கப்பல் கிளம்பிய பிறகுதான் திரும்பும். வெளியாருக்குப் புரியட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன். எங்கள் ஊரான ஓட்மார்ஸ்டைனில் நாங்கள் கோபுரத்தை ‘அவர்’ என்றுதான் சொல்வோம். அவருக்குக் கூச்சம் அதிகம். நேருக்கு நேர் பார்த்தால் தாங்கமாட்டார். அதனால் அவர் சந்தில் போகும்போது நாங்கள் எல்லோரும் குனிந்து அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு, “போய்ட்டு வாங்க” என்போம். இந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு நடக்கும் முன்பே இது பழகிவிடும்.

டான்யூப் ஆற்றில் வாரத்துக்கு ஒரு கப்பல் வந்தவரை அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுதான் பார்த்தார். பிறகு கப்பல்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நிற்கும் காலம் வந்தது. இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைத் தூக்கினார்கள். ஒரு வசந்த காலக் காலையில் அவர் கிளம்பிப் போய்விட்டார். காலியிடத்தைப் பார்த்துப் பயணிகள் சண்டைக்கு வந்ததால் நகரசபை சாரம் கட்டி, கோபுரத்தின் படத்தை அதே அளவில் துணியில் அச்சடித்துத் தொங்கவிட்டது. ‘பழுதுபார்க்கும் பணி நடக்கிறது’ என்று பலகையும் வைத்தோம். பயணிகள் துணியைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மதிய மணி மட்டும் மலைக்குப் பின்னாலிருந்து கேட்கும். அது எதிரொலி என்று சொல்லிவிடுவோம். ஒருமுறை ஒரு புகைப்படக்காரன் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்துவிட்டான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் ஊர்ப்பக்கமே வரவில்லை. அன்றிலிருந்து கோபுரத்தைப் பற்றி வெளியார் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று ஊரே முடிவு செய்தது; அதை மீறி எழுதுவது நான் மட்டும்தான்.

பெரில் எங்கள் ஊருக்கு வந்தது ஒரு ஜூன் மாதத்தில். ஆஸ்திரேலியாவில் வாகா வாகா என்ற ஊர்க்காரி. கணவர் டெஸ்மண்ட் அங்கே ஆணி, பெயின்ட், பைப் விற்கும் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். பெரிலுக்குப் பார்வை நடுவிலிருந்து அழிந்துகொண்டு வந்தது. எதை நேராகப் பார்த்தாலும் அங்கே ஒரு சாம்பல் பொட்டுதான் தெரியும். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உலகம் மிச்சம் இருந்தது. அடுத்த கோடைக்குள் அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு வந்த பிஸ்கட் டப்பா ஒன்றில் அவள் பட்டன்கள் போட்டு வைத்திருந்தாள். அதன் மூடியில் எங்கள் நீலக் கோபுரம். சட்டைக்குப் பட்டன் தைத்த நாளிலெல்லாம் பார்த்த கோபுரம் அது. கண் போவதற்குள் அதை நிஜத்தில் ஒருதடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. டெஸ்மண்ட் மறுபேச்சுப் பேசாமல் டிக்கெட் எடுத்தார்.

அந்த நாள் விடிந்ததே சரியில்லை. இவர்கள் கப்பலை இன்னொரு கப்பலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அறைத் திரையை விலக்கினால் ஆறு இல்லை, அடுத்த கப்பலில் ஒரு ஆள் பனியனோடு சவரம் செய்துகொண்டிருந்தார். காலையில் பஸ்ஸில் ஏற்றி மடத்துக்குக் கூட்டிப்போனார்கள். துறவிகள் தியானத்தில் இருப்பதால் நூலகத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. மதியம் திராட்சைத் தோட்டத்தில் இருமல் மருந்து ஊற்றும் அளவுக்கு ஒயின் கொடுத்தார்கள். நான்காவது குழுவின் எண் எழுதிய தட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்த வழிகாட்டி ரோஸ்வித்தா எங்கள் ஊர்ப் பெண். ஏதாவது ஒன்றாவது நன்றாக அமையாதா என்று அவளே வேண்டிக்கொண்டாள். கடைசியாகச் சாரத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

பெரில் கிட்டப் போய்த் துணியைத் தடவினாள்.

“இது துணிதானே? பின்னாடி ஒண்ணுமே இல்லையேம்மா. காத்து வருது.”

“உள்ள காத்தோட்டம் ஜாஸ்தி, பெரில் அம்மா,” என்றாள் ரோஸ்வித்தா. சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டெஸ்மண்ட் கொதித்துப் போனார். “பூமிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து இவளைக் கூட்டிட்டு வந்தது பெட்ஷீட்டைக் காட்டவா? வா பெரில், கப்பலுக்குப் போலாம்.”

“நீ போ டெஸ். நான் கொஞ்ச நேரம் இந்த பெஞ்சுல உக்காந்துட்டு, இந்தப் பொண்ணோட வரேன்.”

டெஸ்மண்ட் அவளுடைய கைப்பையையும் தூக்கிக்கொண்டு போனார். இந்தக் கப்பல்களில் ஒரு வழக்கம் உண்டு. இறங்கும்போது ஆளுக்கு ஒரு அட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், ஏறும்போது அதைத் திரும்பவும் பலகையில் மாட்ட வேண்டும். பலகை நிறைந்தால் கப்பல் கிளம்பிவிடும். கல்யாணமான நாளிலிருந்து பெரிலின் மாத்திரை, பாஸ்போர்ட், மூக்குக்கண்ணாடி எல்லாம் டெஸ்மண்டின் பொறுப்பு. கோபத்தில் வந்த மனிதர் பழக்கதோஷத்தில் இரண்டு அட்டையையும் மாட்டிவிட்டு, காது மெஷினைக் கழற்றி வைத்துப் படுத்துத் தூங்கிப்போனார். கப்பல் ஊதியது. போயும் விட்டது. அதுதான் அன்றைய கடைசிக் கப்பல்.

மற்றவர்களை ஏற்றிவிட்டு, பெரிலைக் கடைசியாகக் கூட்டிப்போகலாம் என்று பெஞ்சுக்குத் திரும்பி வந்த ரோஸ்வித்தா, ஊதல் கேட்டுப் பதறிப்போய்க் கப்பலுக்குப் போன் செய்தாள்.

“என்ன சொல்றாங்க?” என்று கேட்டாள் பெரில்.

“அட்டைக் கணக்குப்படி நீங்க கப்பல்லதான் இருக்கீங்களாம்.”

“அப்ப சரி. அங்க இருக்கறவ டெஸ்ஸைப் பாத்துக்குவா,” என்றாள் பெரில். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஊர்க்காரர்கள் வந்து துணியை மடிக்கத் தொடங்கியிருந்தார்கள். மலைப்பாதையில் கல் உருளும் சத்தம் கேட்டது. ரோஸ்வித்தாவின் முகம் வெளுத்தது.

மலையிலிருந்து இறங்கிய அவர் சந்து முனை வரை வந்து, பெஞ்சில் வேற்றாள் இருப்பதைக் கண்டு நின்றுவிட்டார். தெருவே செருப்பைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு குளிர்காலம் அவர் இல்லாமல் கழியப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பெரில் சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் சாம்பல் பொட்டுதானே தெரியும்? எதையாவது பார்க்க வேண்டுமென்றால் அவள் செய்வதைத்தான் அப்போதும் செய்தாள்: முகத்தை ரொட்டிக்கடைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணின் ஓரத்தால் பார்த்தாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மெல்ல வந்து தன் இடத்தில் நிற்காமல், பெஞ்சுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றார். எங்களில் யாரிடமும் அவர் அவ்வளவு நெருங்கி நின்றதில்லை.

“டப்பாவுல இருக்கிற நீலம் வேற,” என்றாள் பெரில் சுவரைப் பார்த்துக்கொண்டே. “இவரு வெளுத்துப் போயிருக்காரு. மணிக்குக் கீழ பூச்சு உதிர்ந்திருக்கு. ஜன்னல்ல புறா ஒண்ணு உக்காந்திருக்கு.” அழுதாள். நாங்களும் அழுதோம், அதை மறைப்பானேன். பிறகு அவருடைய கூச்சத்தைப் பற்றி ரோஸ்வித்தா அவளுக்குச் சொன்னாள்.

ஆற்றின் அடுத்த அணையில், கப்பலைக் கீழே இறக்கிவிடத் தண்ணீர் மட்டம் குறையக் காத்திருந்தபோது விழித்த டெஸ்மண்ட், படுக்கையின் மறுபாதியைப் பார்த்து, இரண்டு அட்டையையும் தானே மாட்டியது நினைவுக்கு வந்து, அலறிக்கொண்டு இறங்கி டாக்ஸி பிடித்தார். இங்கே வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. காது மெஷினை மாட்டியபடியே ஓடிவந்தவர் தலையை நிமிர்த்திப் பார்க்கப்போனார். கோபுரத்தின் அடிக்கல் அசைந்தது.

“டெஸ், அங்க பாக்காத. என்னைப் பாரு.”

“உன்னைத் தொலைச்சுட்டு வந்து நிக்கிறேன் பெரில், இப்ப போய்—”

“திட்டறதுன்னா அப்புறம் திட்டிக்கோ. இப்ப என் மூஞ்சியைப் பாரு.”

டெஸ்மண்ட் பார்த்தார். முதலில் கோபமாகப் பார்த்தார், பிறகு பயமாக, பிறகு சும்மா பார்த்தார். அவளுடைய மாத்திரையையும் கண்ணாடியையும் தினமும் பார்த்தவர்தான். முகத்தை அப்படி நிறுத்திப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. புருவத்தின் மேல் ஒரு தழும்பு இருந்தது. அது அவர் மறந்துபோன தழும்பு. பார்த்துக்கொண்டே சொன்னார்:

“பெரில்... ஓரத்துல என்னமோ நீலமா தெரியுதே.”

“ம்,” என்றாள் அவள். “நான் இப்பல்லாம் உன்னையும் அப்படித்தான் டெஸ் பாக்கிறேன்.”

அன்றிரவு இருவரும் ரோஸ்வித்தா வீட்டில் தங்கினார்கள். அந்த வாரம் கப்பலில் வந்தவர்கள் எல்லோரும் எங்கள் ஊரில் கழிந்த நாளைத்தான் பயணத்திலேயே மோசமான நாள் என்று சொன்னார்களாம். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மறுநாள் காலை வளைவில் ஊதல் கேட்டதும் ஊர் சாரத்தில் துணியை ஏற்றியது. அவர் எழுந்து சந்து வழியாக நடந்தார். டாக்ஸிக்காக ரொட்டிக்கடை வாசலில் நின்ற டெஸ்மண்ட், மண்டியிட்டு மனைவியின் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். நிழல் தன் மேல் விழுந்து கடந்தபோதும் அவர் நிமிரவில்லை.

“போய்ட்டு வாங்க,” என்றார் நாடாவைப் பார்த்தபடி.