மேட்டுத் துண்டு

"நான் கேட்டேனா அக்கா? என் வாயால ஒரு வார்த்தை கேட்டேனா?"

"நீ எங்கடி கேக்குற நிலைமையில இருந்தே? எழுந்து உக்காரவே ஆள் வேணும்னு கிடந்தே."

"அப்புறம் என்ன, நீயாத்தானே கொடுத்தே?"

"கொடுக்கலை. மாத்திக்கிட்டோம். கொடுக்கிறது வேற, மாத்திக்கிறது வேற."

"சர்வேயருக்கு ரெண்டும் ஒண்ணுதானாம்."

"சர்வேயர் என்ன நம்ம அப்பனா, நமக்கு நியாயம் சொல்ல?"

"அப்பன் இருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்பார்? அவரும் உன் பக்கம்தான் பேசியிருப்பார், எப்பவும் போல."

தங்கை முதுகைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். தேய்ந்து பளபளத்த சட்டியையே மறுபடியும் தேய்த்தாள். அக்கா கவிழ்த்துப்போட்ட தகர டப்பாவின் மேல் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே அவரைக்காய்க் கூடையை இழுத்து மடியில் வைத்து நார் எடுத்துக்கொண்டிருந்தாள். சண்டை போட வந்த வீட்டிலும் கை சும்மா இருக்காது அவளுக்கு. தொட்டிலில் குழந்தை தூங்கியது. அதனால் இரண்டு பேரும் கத்தவேண்டியதைத் தொண்டைக்குள் வைத்தே கத்தினார்கள்.

அந்த ஊரில் விளைநிலம் யாருக்கும் சொந்தமில்லை. எல்லோருக்கும் சொந்தம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். யாருக்கு எந்தத் துண்டு விழுகிறதோ அந்த முறைக்கு அது அவர்களுடையது. வாய்க்கால் ஓரம் விழுந்தவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பார்கள். பாறைமேடு விழுந்தவர்களைப் பார்த்து, "என்னப்பா, மூணு வருஷம் ஜெயிலா?" என்று கேலி செய்வார்கள். கேலி செய்கிறவனுக்கும் ஒருநாள் மேடு விழும் என்பதால் யாருக்கும் அது உறைத்ததில்லை. குடும்பத்துக்குள் மாற்றிக்கொள்வதும் உண்டு. கூட்டத்தில் எழுந்து நின்று வாயால் சொன்னால் போதும்.

கடைசியாகக் குலுக்கியபோது வாய்க்கால் துண்டு அக்காவுக்கு விழுந்தது. மேட்டுத் துண்டு தங்கைக்கு. தங்கைக்கு அப்போதுதான் வயிற்றில் ஆபரேஷன் முடிந்திருந்தது. கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேட்டில் பயிர் வைத்தால் ஒவ்வொரு குடமாகத் தண்ணீர் சுமக்கவேண்டும். அக்கா எழுந்து நின்றாள். "நாங்க மாத்திக்கிறோம். ஒரு முறைதானே, கண்ணை மூடித் திறந்தா ஓடிடும்" என்றாள். கூட்டம் சரி என்றது.

இந்த அறுவடையோடு அந்த முறை முடியவேண்டும். அதற்குள் பாராளுமன்றத்தில் ஒரு சட்ட மசோதா வந்துவிட்டது. ஓட்டெடுப்புக்கு முன்னாலேயே நிலத்தை அளந்து வைக்கச் சொல்லி உத்தரவாம். பொது நிலங்களை எல்லாம் அவரவர் பெயருக்கே பட்டா போட்டுக் கொடுக்கப் போகிறார்களாம். சர்வேயர் வரும் நாளில் எந்தத் துண்டில் யார் பயிர் நிற்கிறதோ, அது அவருக்கே, காலத்துக்கும். இனிமேல் சீட்டும் கிடையாது, குலுக்கலும் கிடையாது.

"நாளைக்கு சர்வேயர் வர்றார்" என்றாள் அக்கா. "ஒரே ஒரு வார்த்தை சொல்லு. இது எங்க அக்கா முறை, நாங்க மாத்திக்கிட்டோம்னு சொல்லு. அவ்வளவுதான்."

"வீட்டுக்காரர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்."

"அவர் லாரி எடுத்துட்டுப் போயிட்டார்னு தெரிஞ்சுதான் வந்தேன். உன் புருஷன்கிட்ட பேசுறதும் செவுத்துக்கிட்ட பேசுறதும் ஒண்ணு. செவுராவது எதிரொலிக்கும்."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்:

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா அக்கா. அந்த மேட்டுல அவளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"எனக்கு ரெண்டு இருக்கு. அதுங்க என்ன மரத்துல காய்ச்சதா?"

"உன் வீட்டுல மாமா தையல் மெஷின் ஓட்டுறார்."

"உன் வீட்டுல லாரி ஓடுது."

"லாரி அவரோடதா? முதலாளி நாளைக்கே சாவியைப் பிடுங்கினா நடுத்தெருதான்."

அக்கா அடுத்த காயை எடுத்து நார் உரித்தாள்.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் குந்தினாள். "இங்க பாரு அக்கா. எம்.பி. ஏதோ திருத்தம் கொண்டுவர்றாராமே. முறை முடிய இருக்கிற ஊர்ல எல்லாம் கடைசியா ஒரு தடவை குலுக்கிப் போட்டுட்டு, அப்புறம் பட்டா கொடுக்கணும்னு. அது வந்துட்டா குலுக்கட்டும். எனக்கு மேடே விழுந்தாலும் நான் குறுக்க நிக்கமாட்டேன். அங்கேயே தீரட்டும். நம்ம ரெண்டு பேர் வாயில வேணாம்."

"சத்தியமா?"

"குழந்தை மேல சத்தியம் பண்ணணுமா?"

"சீ, வேணாம்" என்றாள் அக்கா. கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். நார் எடுத்து முடித்திருந்தாள்.

மறுநாள் சர்வேயர் டேப்போடு வந்தார். வாய்க்கால் துண்டில் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "யார் பயிரும்மா?" என்று கேட்டார். "எங்களதுங்க" என்றாள். பயிர் அவளுடையதுதான், பொய்யில்லை. பத்தடி தள்ளி அக்கா நின்றிருந்தாள். வாயைத் திறந்திருக்கலாம். ஊர் பார்க்க, வெளியாள் முன்னால் கூடப்பிறந்தவளை மறித்துப் பேச அவளுக்கு நாக்கு எழவில்லை. அதுதான் திருத்தம் வருகிறதே என்று இருந்துவிட்டாள்.

திருத்தத்தைக் கேட்டு வாங்கியதே அவள்தான். ஊரில் பாதிப் பேருக்கு இந்த முறை நல்ல துண்டு, பாதிப் பேருக்கு மோசமான துண்டு. சர்வேயர் வருவதற்கு முன்பே மோசமான துண்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு எம்.பி. வீட்டுக்குப் போயிருந்தாள். எம்.பி. எதிர்க்கட்சி. யார் என்ன கேட்டாலும் "சரிங்க" என்பார். ஊரில் அவர் பெயரே சரிங்க எம்.பி. தான். அவளுடைய கணவர் தையற்காரர். போன தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கொடி தைத்துக் கொடுத்தவர். அதனால் உள்ளே நாற்காலி கிடைத்தது.

"எங்களுக்குக் கடைசியா ஒரு சீட்டு போட விடணுங்க" என்றாள்.

"சரிங்க. நியாயமான கோரிக்கைதானே. நானே திருத்தம் கொடுக்கிறேன். அவையில எழுந்து நானே பேசுறேன்."

"மறந்துட மாட்டீங்களே?"

"என்னம்மா நீங்க, என் ஊர் மண்ணை நான் மறப்பேனா?"

வெளியே வந்தபோது பெஞ்சில் வாய்க்கால் ஓரத்துக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் கணவர் லாரிக்காரரும் இருந்தார். "என்ன அண்ணி, இந்தப் பக்கம்?" என்றார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி. அவர்கள் உள்ளே போய்க் கதவு சாத்தினார்கள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் உள்ளேயிருந்து அதே குரல் கேட்டது: "சரிங்க, சரிங்க."

"அவங்களுக்கும் சரிங்கன்னுட்டாரே" என்றாள் அவள்.

"அவருக்கு வாயில அந்த ஒரு பித்தான்தான் இருக்கு, பாவம்" என்றார் தையற்காரர். "ஆனா திருத்தம் கொடுக்கிறேன்னு நமக்குத்தான் சொன்னார். விடு."

திருத்தம் கொடுத்ததும் உண்மைதான். பேப்பரில் வந்தது. ஏழாவது திருத்தம், அவர் பெயரோடு. தையற்காரர் அந்தத் துண்டைக் கத்தரித்துத் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டிவைத்தார்.

சட்டம் ஓட்டெடுப்புக்கு வந்த அன்று டீக்கடை டி.வி.யில் நேரடியாகக் காட்டினார்கள். வேலைக்குப் போகவேண்டியவர்கள் எல்லாம் அங்கேதான் நின்றார்கள். நல்ல துண்டுக்காரர்கள் கல்லாப் பக்கம், மோசமான துண்டுக்காரர்கள் பாய்லர் பக்கம். டீக்கடைக்காரர் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கிளாஸ் கழுவிக்கொண்டு, "யார் ஜெயிச்சாலும் டீ அதே டீதான், குடிச்சவங்க கொஞ்சம் வழி விடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எம்.பி. தெரிந்தார். மூன்றாவது வரிசையில், சலவைச் சட்டையோடு. கையில் ஒரு தாள் வைத்திருந்தார். "அதோ, அதான் நம்ம திருத்தம்" என்றார் தையற்காரர். அக்கா சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து பேசினார். ஊர் நிலத்தைத் துண்டு போடாதே என்றார். உழவனை உழவனோடு மோதவிடாதே என்றார். அவர் பேசப்பேச டீக்கடையில் பேச்சு நின்றது. அவள் மனதில் இருந்ததை எல்லாம் யாரோ வீட்டுக்குள் புகுந்து எடுத்துக்கொண்டுபோய் அங்கே பேசியது போல இருந்தது. கடைசியில் அவர், "இந்த அநியாயத்துக்கு நாங்கள் சாட்சியாக இருக்க மாட்டோம்" என்று தாளைக் கிழித்துப் போட்டார். கட்சி மொத்தமும் எழுந்தது. "ஊர் நிலம் ஊருக்கே, ஊர் நிலம் ஊருக்கே" என்று கோஷம் போட்டுக்கொண்டு வரிசையாக வெளியே நடந்தது. சரிங்க எம்.பி.யும் நடந்தார். கையை உயரத் தூக்கிக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்திக்கொண்டு நடந்தார்.

பாய்லர் பக்கம் கைதட்டினார்கள். "பாத்தியா நம்ம ஆளை" என்றார் ஒருவர். அவளும் தட்டினாள். கண்ணில் தண்ணீர் வர, உள்ளங்கை சிவக்கத் தட்டினாள்.

டி.வி. ஓடிக்கொண்டே இருந்தது. பாதி அவை காலி. சபாநாயகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். முதலாவது திருத்தம், உறுப்பினர் அவையில் இல்லை, முன்மொழியப்படவில்லை. இரண்டாவது திருத்தம், உறுப்பினர் இல்லை. மூன்றாவது. ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி, எந்த ராகமும் இல்லாமல்.

தட்டிய கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"ஏழாவது திருத்தம்." எம்.பி.யின் பெயரைச் சொன்னார். காமிரா மூன்றாவது வரிசைக்குப் போனது. நாற்காலி காலியாக இருந்தது. "உறுப்பினர் அவையில் இல்லை. முன்மொழியப்படவில்லை." அடுத்த தாளைப் புரட்டினார்.

"என்னங்க, கூப்பிடுறாரே" என்றாள் அவள். "வெளிய வராண்டாவுலதானே நிப்பார். யாராவது போய்ச் சொல்லக்கூடாதா?"

கல்லாப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கே சங்கடமாகிவிட்டது போல, நிறுத்திக்கொண்டார்கள்.

"ஆதரிப்பவர்கள் ஆம் என்க" என்றார் சபாநாயகர். ஆம் என்றார்கள். இல்லையென்று சொல்ல அங்கே ஆள் இல்லை. சட்டம் நிறைவேறியது. உடனே சோப்பு விளம்பரம் வந்தது.

தையற்காரர் வீட்டுக்கு வந்து எம்.பி.க்குப் போன் போட்டார். அவள் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தீங்களா, டி.வி.யில வந்துச்சா?" என்றது அந்தப் பக்கம், மூச்சு வாங்க. "எப்படி வெளிநடப்பு செஞ்சோம்? நாளைக்குப் பூரா இதான் பேச்சு."

"பாத்தோங்க. அந்தத் திருத்தம்..."

"கட்சி முடிவுங்க. எல்லாரும் எழுந்துட்டாங்க. நான் மட்டும் உள்ள உக்காந்திருந்தா விலை போயிட்டான்னு சொல்லுவாங்களா மாட்டாங்களா? நீங்களே சொல்லுங்க."

"சொல்லுவாங்கதான்."

"உங்களுக்காகத்தானே வெளிய வந்தேன்."

"ஆமாங்க."

"அடுத்த தடவை நம்ம ஆட்சி. முதல் வேலை இதான். கொடி கொஞ்சம் கூடுதலா தைக்கவேண்டியிருக்கும், பாத்துக்கோங்க."

"சரிங்க" என்றார் தையற்காரர். போனை வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"அவரைத் திட்டுவீங்கன்னு பார்த்தா நீங்களும் சரிங்கன்னு வைக்கிறீங்க" என்றாள் அவள்.

"திட்டினா என்ன வரும்?"

"ஒண்ணும் வராது. ஒரு ஆளாவது திட்டு வாங்கினான்னு இருக்கும்."

அவர் மெஷினில் உட்கார்ந்தார். தைக்கத் துணி எடுக்கவில்லை. மிதிப்பலகையில் கால் மட்டும் மெதுவாக ஆடியது. "உன் தங்கச்சிகிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பாரேன்" என்றார்.

"கேட்டா?"

"மனசு வச்சா மாத்தி எழுதிக் கொடுக்கலாம். சட்டம் அதைத் தடுக்கலையே."

"நான் கை தட்டின மாதிரி நீங்க தட்டலை" என்றாள் அவள். "அங்க நின்னு தட்டினேன் பாருங்க, அவளுக்குப் பட்டா கிடைச்சதுக்கு. அவ புருஷன் அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தார்."

ஆனாலும் போனாள். அன்றைக்கு இல்லை, பட்டா வந்து, எல்லோரும் அவரவர் தாளை வாங்கிக்கொண்டு பேசாமல் கலைந்த பிறகு ஒருநாள் காலை. இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீருக்குப் போகிற சாக்கில் போனாள். மேட்டில் பயறு வாடிக்கொண்டிருந்தது. தண்ணீரும் சாக்கு மட்டுமில்லை.

வாய்க்கால் துண்டில் லாரிக்காரர் குழி தோண்டிக்கொண்டிருந்தார். கல்தூண்கள் வரிசையாகக் கிடந்தன. முள்கம்பிச் சுருள் ஒன்று வரப்பில் உருண்டிருந்தது. அந்த நிலத்தில் யாரும் வேலி பார்த்ததில்லை. மூன்று வருஷத்தில் கைமாறப்போகிற இடத்துக்கு எவன் வேலி போடுவான். மேட்டிலிருந்து வாய்க்காலுக்கு வருகிற ஒற்றையடிப் பாதை அந்தத் துண்டின் நடுவே போகும். மேட்டுக்காரர்கள் எல்லோரும் அதில்தான் குடம் சுமந்தார்கள். அந்தப் பாதையிலும் இப்போது ஒரு குழி இருந்தது.

"வாங்க அண்ணி" என்றார் லாரிக்காரர். கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை. "மாடு வந்து மேய்ஞ்சிடுது. அதுக்குத்தான் இது."

"மாடுதான் இவ்வளவு நாளும் இருந்துச்சே மாப்பிள்ளை."

"இருந்துச்சு. அப்போ யாருதோ நிலம். இப்போ நம்மதுன்னு ஆயிட்டா கண்ணு அது மேலயே போகுதில்ல?"

தங்கை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேராக நிற்கிறதா என்று பார்க்கிறவள் போல அதன் உச்சியையே பார்த்தாள். நன்றாகத் தேறியிருந்தாள். தூணை ஒற்றைக் கையால் பிடித்திருந்தாள்.

"குழந்தை எங்க?" என்றாள் அக்கா.

"தூங்குது."

"வெயில்ல நிக்கிறியே, தலையில ஏதாவது போட்டுக்கோ."

"ம்."

"நீ அன்னிக்கு என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

"குலுக்கினா குறுக்க நிக்கமாட்டேன்னேன்" என்றாள் தங்கை. தூணிடம் சொன்னது போல் இருந்தது. "குலுக்கலையே அக்கா. நான் எங்க குறுக்க நின்னேன்?"

லாரிக்காரர் குழியில் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தார். ஒரு தூண் நின்றது. தங்கை அடுத்த தூணுக்கு நகர்ந்தாள். மாற்றி எழுதிக் கொடு என்று கேட்க வாய் திறந்தால், கெஞ்சலாக வருமா சாபமாக வருமா என்று அக்காவுக்கே தெரியவில்லை. இரண்டும் வேண்டாம் என்று விழுங்கினாள். விழுங்கிய பிறகு கையில் இரண்டு காலிக் குடம் மட்டும் மிச்சம் இருந்தது. பாதையில் கால் வைக்கப் போனவள், குழியின் விளிம்பில் நின்றாள்.

"ஏண்டி, இதுவழியா நான் வாய்க்காலுக்குப் போகலாமா, இல்ல உன்னைக் கேட்டுட்டுத்தான் போகணுமா?"