நடு நாற்காலியில் ஒரு கிரீடம்

வெண்டல் மூன்று டிக்கெட் எடுத்தார். ஒன்று தனக்கு, ஒன்று ஜோசிக்கு, இன்னொன்று ஜோசியின் அப்பாவுக்கு. மனைவியின் முதல் புருஷனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிற மடையன் கிஸ்ஸிமி ஊரிலேயே தன்னைத் தவிர வேறு யார் இருக்கப்போகிறான் என்று அவருக்கே தோன்றியது.

"ட்ராய் வரமாட்டான். வீணா அவளுக்கு ஆசை காட்டாதீங்க" என்று மனைவி ரெனே காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போனாள். ஆனால் ஜோசிக்கு இன்று பத்து வயது முடிகிறது. ஏழாவது பிறந்தநாளிலிருந்தே, கோட்டை மாதிரி கட்டிய ஹோட்டலில் குதிரைவீரர் சண்டை பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்று ட்ராய் அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்தத் தடவை நேரே கோட்டைக்கே வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னபோது அவள் குதித்த குதியை வெண்டல் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகு மூன்றாவது டிக்கெட் எடுக்காமல் இருக்க மனசு வருமா?

கவுண்டரில் இருந்த பெண் ஒரு சீட்டை நீட்டினாள். பிறந்தநாள் பிள்ளைகளுக்கு ராஜா வேஷம் போட்டவர் வீரர் பட்டம் கொடுப்பார், அதற்காக. பெயர், வயது எழுதினார். மூன்றாவது வரியில், 'எந்தப் பிரபுவின் பிள்ளை?' என்று கேட்டிருந்தது.

இரண்டு வருஷமாக அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறவர் அவர். காய்ச்சல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். அவளுக்கு அவர் இன்னும் வெறும் வெண்டல். அப்பா என்று கூப்பிட வேண்டும் என்றெல்லாம் அவர் ஆசைப்படவில்லை. தன்னையும் தன் ஆட்களில் ஒருவராக அவள் நினைத்தால் போதும் என்றிருந்தது. அந்த வரியை அப்படியே காலியாக விட்டுக் கொடுத்தார்.

நீல வரிசையில் இடம். ஆளுக்கொரு நீலக் காகிதக் கிரீடம். வெண்டலின் பெரிய தலையில் அது ஏறும்போதே கிழிந்தது. ஜோசி நடு நாற்காலியைக் காலியாக விட்டு, அதன் முன்னாலிருந்த தட்டில் ஒரு கிரீடத்தை வைத்தாள்.

"இது எங்க அப்பா இடம். யாரும் உக்காரக் கூடாது."

"உக்கார மாட்டேன்மா" என்றார் வெண்டல்.

பரிமாற வந்த டோனியா பாவாடை தரையைக் கூட்ட, சூப் கிண்ணங்களை வைத்தாள்.

"ஸ்பூன் கிடையாதா?" என்று வெண்டல் கேட்டார்.

"பிரபுவே, இது பதினோராம் நூற்றாண்டு. ஸ்பூனுக்கெல்லாம் எங்கே போறது?"

"அப்ப பெப்சி மட்டும் எப்படி வந்துச்சு?"

"அது ராஜா ரகசியமா வரவழைக்கிறது. வெளியே சொல்லிடாதீங்க."

ஜோசி சிரித்துவிட்டாள். கையால் சாப்பிடுவதைப் பெரிய வீரசாகசம் போல எண்ணிச் சுற்றிலும் ஜனங்கள் கோழியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே மணலில் நீலக் குதிரைவீரன் வந்ததும் வரிசையே எழுந்து கத்தியது. மஞ்சள் வீரன் வந்தபோது அதே வாய்கள் ஊளையிட்டன. ஜோசி கத்திவிட்டு வாசலைப் பார்த்தாள். மறுபடி கத்தினாள், மறுபடி வாசலைப் பார்த்தாள். அவள் திரும்பும்போதெல்லாம் வெண்டல் பார்க்கச் சகிக்காமல், மேலே ஓடிக்கொண்டிருந்த ஏசியின் சத்தத்தைக் கவனித்தார். ஏசி ரிப்பேர்தான் அவர் தொழில். பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று காது சொன்னது.

பையில் போன் அதிர்ந்தது. ட்ராய். 'வேலை மாட்டிக்கிச்சு. அவகிட்ட நீயே சொல்லிடு.'

ஜோசி அவர் முகத்தைப் பார்த்தாள். "வரலையா?"

"வரலைம்மா."

அவள் அழவில்லை. கிரீடத்தைத் தட்டிலிருந்து எடுக்கவுமில்லை.

அப்போதுதான் பட்டம் கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் சிவப்பு வரிசையிலிருந்து ஒரு சின்னப் பயல். ராஜா வாளால் அவன் தோளைத் தொட்டு, "உன் பக்கம் நிக்கிறது யாரு?" என்று கேட்டார். "எங்கம்மா!" என்றான். அந்த அம்மா கோட்டை வழக்கப்படி மேஜையை மூன்று தடவை குத்தினாள். கோட்டையே ஆரவாரித்தது.

ராஜாவின் மந்திரியாக நின்றவர் மைக்கில் அடுத்த சீட்டைப் படித்தார். "நீல அணி! ப்ரூயிட் பிரபுவின் மகள், ஜோசி!"

வெண்டலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ப்ரூயிட் அவருடைய பெயர். காலியாக இருந்த வரியில் கவுண்டர் பெண், அவர் பணம் கட்டிய கார்டிலிருந்த பெயரை எழுதிவிட்டிருக்கிறாள்! நீல வரிசை முழுக்க மேஜையைத் தட்டியது. ஜோசி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"நான் அது இல்ல" என்றாள் மெதுவாக.

இரண்டு வருஷமாக ஆசைப்படக்கூடத் துணியாததைத்தான் மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். பேசாமல் இருந்துவிடலாம். அவள் எழுந்து போனாலும் போவாள். ஆனால் அந்த முகத்தை வைத்துக்கொண்டா? வெண்டல் எழுந்தார்.

"தப்பாப் படிச்சிட்டீங்க! அவ ஜோசி கேஸ்லர். ட்ராய் கேஸ்லரோட பொண்ணு!"

மந்திரி புருவத்தைத் தூக்கினார். "ராஜாவோட மந்திரியையே திருத்துற நீ யாரப்பா?"

"நானா? நான்... வண்டி ஓட்டிட்டு வந்தவன்."

அத்தனை பேரும் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தார். வலிக்காமல் இல்லை, நன்றாகவே வலித்தது. ஆனால் ஜோசி நாற்காலியை விட்டுவிட்டாள். ஒரு முறை அவரைப் பார்த்தாள், பிறகு படியிறங்கி மணலுக்குப் போனாள்.

"ஜோசி கேஸ்லர்!" என்று இந்தத் தடவை ஒழுங்காகச் சொன்னார்கள். அவள் மண்டியிட்டாள். வாள் இரண்டு தோளையும் தொட்டது.

"உன் பக்கம் நிக்கிறது யாரு?"

அவள் நீல வரிசையை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வி அடுத்து வரும் என்பதையே வெண்டல் மறந்து போயிருந்தார். அம்மா இங்கே இல்லை, அப்பா வரவில்லை. இத்தனை பேர் நடுவில் பிள்ளையைத் தனியாக நிறுத்திவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"வெண்டல்" என்றாள், ராஜா நீட்டிய மைக்கில்.

"யாரு, அந்த வண்டி ஓட்டிட்டு வந்தவரா?"

"ஆமா. அவர்தான் எப்பவும் கூட்டிட்டு வருவாரு."

வெண்டல் மேஜையைக் குத்தினார். மூன்று தடவைதான் குத்த வேண்டும் என்பது நினைவில்லை. சூப் கிண்ணம் கவிழ்ந்து சட்டையெல்லாம் தக்காளி. டோனியா துணியோடு ஓடி வந்தாள்.

ஜோசி திரும்பி வந்தாள். தன் நாற்காலியைத் தாண்டி, நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டிலிருந்த கிரீடத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"குனிங்க."

குனிந்தார். அவள் அதை அவர் தலையில் வைத்து அழுத்தினாள்.

"கொஞ்சம் டைட்டா இருக்கும்மா."

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றாள், கோழிக்காலை எடுத்துக்கொண்டே.